ஆடியவரே ஆசானாகும்போது

விளையாட்டு வீரனுக்கு முதுமை இருமுறை வருகிறது. உலகத்தார் அனைவர்க்கும் வரும் முதுமை இரண்டாவதே. முதலாவது, முப்பத்தைந்து வயதை ஒட்டி வந்து, ஓடிய கால்களை நிற்கச் சொல்கிறது. அந்த முதல் முதுமையை அவன் எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதைக் கொண்டே அவன் பெற்ற கல்வியை அளக்க வேண்டும்.

இக்கருத்து என் உள்ளத்தில் எழுந்ததற்குக் காரணம், எங்கள் குடும்பத்தில் நடைபெற்றுவரும் ஒரு வழக்கு. செங்கல்பட்டில் வாழும் என் தங்கை மகனுக்குப் பதினான்கு வயது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதெல்லாம் அவனுக்குக் கால்பந்துதான். மாமல்லபுரத்தில் எஃப்.சி. மெட்ராஸ் என்னும் கழகம், சிறுவர்கள் தங்கிப் பயிலும் பயிலகம் ஒன்றை அமைத்திருக்கிறது. திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால் முப்பது கிலோமீட்டர் அளவே. "மாமு, அத்தாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று மன்றாடுகிறான். அவன் அத்தாவோ, "கால் ஓய்ந்த பிறகு இவன் எதைக்கொண்டு பிழைப்பான், மச்சான்?" என்று கேட்கிறார். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். அதைத் தட்டிக்கழிக்க இயலாது.

விடை தேடியபோது என் நினைவில் வந்து நின்றவர் அராட்டா இசுமி. 1982ஆம் ஆண்டு ஜப்பானின் ஷிமோனோசெக்கி நகரில் பிறந்தவர். தாயார் ஜப்பானியர், தந்தையார் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். 2006இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்கு ஆட வந்தார். பின்னர் மும்பையின் மஹிந்திரா யுனைடெட், புனே கழகம் ஆகியவற்றில் நடுக்கள வீரராக விளங்கினார். இந்திய அணியில் ஆட விரும்பியபோது சட்டம் குறுக்கே நின்றது. நம் நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் குடிமகனாக இல்லாதவர் நாட்டின் அணியில் இடம்பெறவும் முடியாது. இசுமி, தாம் பிறந்த மண்ணின் குடியுரிமையைத் துறந்தார். 2013இல் இந்தியச் சட்டை அணிந்தபோது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். ஆகவே நாட்டுக்காக ஆடக் கிடைத்தவை சில ஆட்டங்களே.

கொடுத்தது பெரிது, பெற்றது சிறிது என்று கணக்குப் பார்ப்போர் கூறுவர். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. ஆட்டத்திலிருந்து விலகியபின் அவர் பயிற்சியாளரானார். மும்பையில் ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளையோர் பயிலகத்தில் சிறுவர்களை உருவாக்கும் பொறுப்பை ஏற்றார். கால்கள் சில ஆண்டுகளே கொடுத்ததை, கற்பித்தல் நீட்டித்துக் கொடுத்தது.

இவ்வழியில் முன்னோடி ஒருவரை நாம் மறத்தலாகாது. 1909இல் ஹைதராபாத்தில் பிறந்த சையத் அப்துல் ரஹீம், தாமே ஆடிப் பழகியவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். 1950 முதல் இந்திய அணியைப் பயிற்றுவித்தார். 1951இல் புதுடெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம்; இடையே 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஜகார்த்தாவில் முதற்சுற்றில் ஜப்பானை 2-0 என்றும், இறுதியில் தென் கொரியாவை 2-1 என்றும் நம்மவர் வென்றபோது, புற்றுநோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம் அவர் மறைந்தார்.

ஜகார்த்தாவில் நம்மிடம் தோற்ற ஜப்பான் என்ன செய்தது? 1960இலேயே ஜெர்மனியிலிருந்து டெட்மார் கிராமரை வரவழைத்திருந்தது. அவர் ஆட்டக்காரருக்கு மட்டுமன்றி, பயிற்சியாளருக்கும் பயிற்சி வேண்டும் என்று வற்புறுத்தினார். 1965இல் தேசிய லீக் தொடங்கிற்று. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் கிடைத்தது. அங்கே ஏழு கோல்கள் அடித்த கமமோட்டோ பிற்காலத்தில் கழக அணிகளின் மேலாளரானார். ஆடியவர் ஆசானாக, அவரிடம் கற்றவர் மறுபடியும் ஆசானாக, 1998இல் அந்நாடு உலகக் கோப்பையில் கால் வைத்தது. நாமோ 1970இல் பாங்காக்கில் அதே ஜப்பானை 1-0 என வென்று வெண்கலம் பெற்றோம். அதன்பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துப் பதக்கம் நமக்கு இல்லை. நம்மிடம் ரஹீம் என்னும் தனிமனிதர் இருந்தார். அவர்களோ ரஹீம்களை உருவாக்கும் ஏற்பாட்டைச் செய்துகொண்டனர். வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே.

இன்று பயிற்சியாளராவதற்குப் படிநிலைகள் உள்ளன. டி, சி, பி, ஏ எனச் சான்றிதழ்கள் வளர்ந்து, புரோ என்னும் உச்சியில் முடிகின்றன. வகுப்பில் அமர வேண்டும், எழுத வேண்டும், பேசத் தெரிய வேண்டும். பள்ளிப் படிப்பைக் கைவிட்டவனுக்கு இந்த ஏணியில் ஏறுவது அரிது.

ஆதலால் மைத்துனருக்கு நான் சொன்னது இதுதான்: பையனை அனுப்புவதா, தடுப்பதா என்பதற்குமுன், பயிலகத்தில் மூன்று செய்திகளைக் கேட்டறியுங்கள். கற்பிப்பவர் என்ன சான்றிதழ் பெற்றவர்? பள்ளிப் படிப்பு தடையின்றித் தொடருமா? அடிபட்டு ஆட முடியாமற்போனால் பையனின் நிலை என்ன? மூன்றுக்கும் மனம் ஒப்பும் விடை கிடைத்தால் அனுப்பலாம். கிடைக்காவிடில், நம் ஊர்த் திடலிலேயே ஆடிக்கொண்டு அவன் படிப்பை முடிக்கட்டும்.

கால்பந்தில் புகழ் பெறுவோர் சிலரே. கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கும் தகுதியோ, முயன்றால் பலர்க்கும் கைகூடும். நம் பிள்ளைகளுக்குப் பந்தை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், புத்தகத்தையும் உடன் கொடுப்பாராக.