இரும்பு ராஜாவின் சரஸ்வதி கோயில்

பிட்ஸ்பர்க் என்றதுமே உங்களில் பலருக்குப் பெருமாள் கோயில்தான் ஞாபகத்துக்கு வரும். மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்தால், ஒரு நாள் உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வேங்கடாசலபதியைச் சேவிக்க வைத்திருப்பார்கள். 1970களில் நகரத்தின் ஓரத்தில், பென் ஹில்ஸ் என்ற இடத்தில் எழுந்த அந்தக் கோயிலுக்கு நானும் போனேன். கண் குளிரச் சேவித்தேன். ஆனால் நான் இப்போது சொல்லப்போவது அதே ஊரில் இருக்கும் வேறொரு கோயிலைப் பற்றி. அங்கே மணியோசை கிடையாது. அர்ச்சனைத் தட்டு கிடையாது. அது சரஸ்வதியின் கோயில். கட்டியவரோ ஓர் இரும்பு வியாபாரி. அந்தக் கட்டடத்தின் கதையில் கொஞ்சம் கண்ணீரும் உண்டு. கொஞ்சம் ரத்தமும் உண்டு. வாருங்கள், போய்ப் பார்க்கலாம்.

முதலில் ஊரை ஒரு தடவை மேலேயிருந்து பார்த்துவிடுவோம். பழநி மலையில் விஞ்சில் ஏறியவர்களுக்கு இங்கே பயமே இருக்காது. மவுண்ட் வாஷிங்டன் என்ற குன்றின் சரிவில், 1877-ல் ஓடத் தொடங்கிய சிவப்பு வண்டிகள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. உச்சிக்குப் போய் நின்றால், அடேயப்பா! வடக்கேயிருந்து அலிகேனி ஆறு, தெற்கேயிருந்து மனாங்கஹேலா ஆறு, இரண்டும் கூடி ஒஹையோ என்ற மூன்றாவது ஆறாகப் புறப்படுகிறது. நம் ஊராக இருந்தால் இந்த முக்கூடலில் ஒரு படித்துறையும் அரசமரத்துப் பிள்ளையாரும் வந்திருப்பார்கள். இங்கே வந்தவை இரும்புத் தொழிற்சாலைகள்.

இன்று பளிச்சென்று இருக்கும் இந்த ஊர், ஒரு காலத்தில் புகை மண்டிக் கிடந்தது. 1940களில் பட்டப்பகலில் தெரு விளக்கை ஏற்றி வைத்த நாட்கள் உண்டு. ஆபீசுக்குப் போகிறவர்கள் மத்தியானம் மாற்றிக்கொள்ள இரண்டாவது சட்டை எடுத்துப் போவார்களாம். அந்தச் சட்டைகளைத் துவைத்த வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள்!

அதோ, எதிரே வடகரையில் தெரிகிறதே, அந்தப் பகுதி அப்போது அலிகேனி என்ற தனி ஊர். 1848-ம் ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து ஓர் ஏழைக் குடும்பம் அங்கே வந்து சேர்ந்தது. தகப்பனார் வில்லியம் கார்னெகி ஒரு கைத்தறி நெசவாளி. நீராவித் தறி வந்ததும் கைத்தறிக்காரர் வயிற்றில் அடி விழுந்தது. நம் நெசவாளர் வீடுகளுக்குத் தெரியாத கதையா இது? டன்ஃபர்ம்லின் என்ற சொந்த ஊரில் பிழைக்க வழியில்லாமல் கப்பல் ஏறிவிட்டார்கள்.

மூத்த பையன் ஆண்ட்ரூவுக்கு வயது பன்னிரண்டு. பஞ்சாலையில் நூல்கண்டு எடுத்துப் போடுகிற வேலை கிடைத்தது. சம்பளம் வாரத்துக்கு 1 டாலர் 20 சென்ட். தாயார் மார்கரெட், பக்கத்து வீட்டுச் செருப்புத் தொழிலாளிக்காகத் தோல் தைத்துக் கொடுத்தாள். பகலெல்லாம் வீட்டு வேலை. நடுநிசி வரை தையல். சின்னப் பையன் டாம் காலடியில் உட்கார்ந்து, நூலுக்கு மெழுகு தடவி ஊசியில் கோத்துக் கொடுப்பான். அந்தக் காட்சியை ஆண்ட்ரூ கிழவனான பிறகும் மறக்கவில்லை. தாய் இருந்தவரையில் அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1886-ல் அவள் கண்ணை மூடினாள். மறு வருஷம்தான், தம் 51-வது வயதில், மணம் புரிந்துகொண்டார்.

மறுபடியும் சிறுவனிடம் வருவோம். தந்தி ஆபீசில் வாரம் இரண்டரை டாலர் சம்பளத்தில் சேவகப் பையனாக இருந்தபோது அவனுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பெரியவர், தம்முடைய சுமார் 400 புத்தகங்களை வேலைக்குப் போகும் பையன்களுக்காகத் திறந்துவிட்டார். சனிக்கிழமைதோறும் போய் ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கலாம். பிற்பாடு அந்த நூல்நிலையத்தில் ஒரு தகராறு வந்தது. தொழில் பழகும் பையன்களுக்கு மட்டும் இலவசம், மற்றவர்கள் வருஷத்துக்கு 2 டாலர் கட்ட வேண்டும் என்றார்கள். ஆண்ட்ரூ விடுவானா? 1853-ல், 'ஓர் உழைக்கும் பையன்' என்று கையெழுத்திட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினான். கதவு திறந்தது!

அப்புறம் நடந்தது எல்லாம் வேகம்தான். ரயில்வேயில் உத்தியோகம், பிறகு பங்குகள், பாலங்கள், இரும்பு, 1875-ல் பிராடக் என்ற ஊரில் பிரம்மாண்டமான எஃகு ஆலை. 1901-ல் எல்லாவற்றையும் ஜே. பி. மார்கன் கூட்டத்தாருக்கு 48 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். பணக்காரனாகவே சாகிறவன் மானம் கெட்டுச் சாகிறான் என்பது அவர் கட்சி. 1919-ல் இறப்பதற்குள் ஏறக்குறைய 35 கோடி டாலரைக் கொடுத்து முடித்தார். உலகத்தில் அவர் பணத்தில் எழுந்த நூல்நிலையங்கள் மட்டும் 2,509.

அவற்றில் பெரியது எங்கே என்கிறீர்களா? குன்றிலிருந்து இறங்கி, ஓக்லண்ட் பேட்டைக்கு வாருங்கள். 1895 நவம்பர் 5-ந் தேதி திறந்து, 1907-ல் இன்னும் பல மடங்கு பெரிதாக்கிய கட்டடம் இதோ. வாசலில் நான்கு பேர் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்: விஞ்ஞானத்துக்கு கலிலியோ, சித்திர சிற்பத்துக்கு மைக்கலாஞ்சலோ, சங்கீதத்துக்கு பாக், இலக்கியத்துக்கு ஷேக்ஸ்பியர். நூல்நிலையம், பொருட்காட்சிச்சாலை, சித்திரசாலை, சங்கீத மண்டபம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்!

சென்னையில் அந்தக் காலத்தில் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். இங்கே செத்துப்போனவர் சாமானியப்பட்டவர் அல்ல. 84 அடி நீளமுள்ள டிப்ளோடோகஸ்! வியோமிங் மாகாணத்தில் 1899-ல் கார்னெகியின் ஆட்கள் தோண்டியெடுத்த எலும்புக்கூடு. இங்கிலாந்து மன்னர் ஆசைப்பட்டார் என்று அச்சு வார்த்து லண்டனுக்கு 1905-ல் ஒரு பிரதி போயிற்று. பிறகு பெர்லின், பாரிஸ், வியன்னா என்று ஊர் ஊராகப் பிரதிகள் போயின. வெளியே தெருவோரத்தில் அதன் முழு உருவச் சிலை ஒன்றும் நிற்கிறது. குளிர் காலத்தில் குழந்தைக்குக் கட்டுவதுபோல் அதன் கழுத்தில் மப்ளர் கட்டிவிடுகிறார்கள்!

கட்டடக் கலை மண்டபத்துக்குள் நுழைந்தால் கழுத்து வலிக்கும்; அவ்வளவு அண்ணாந்து பார்க்க வேண்டும். ஃபிரான்ஸ் தேசத்தில் ஸான் ழீல் என்ற ஊரிலுள்ள பழைய மாதா கோயிலின் முகப்பு முழுவதையும் சாந்தில் வார்த்து இங்கே நிறுத்தியிருக்கிறார்கள். கப்பல் ஏறி ஐரோப்பா போக முடியாத தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே வந்து பார்க்கட்டும் என்ற எண்ணம். பலித்ததா என்றால், பலித்தது. கூலி வேலை செய்த ஒரு குடியேறியின் பிள்ளை, சனிக்கிழமை தோறும் இங்கே நடந்த இலவசச் சித்திர வகுப்புக்கு வந்து உட்கார்ந்தான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹால் அவன்தான்.

பொருட்காட்சிச்சாலைக்கு டிக்கெட் உண்டு. நூல்நிலையத்துக்குக் கிடையாது. அதன் வாசலில் கல்லிலேயே வெட்டியிருக்கிறது: 'மக்களுக்கு இலவசம்.' அந்த 2 டாலர் தகராறு உங்களுக்கு ஞாபகம் வருகிறதல்லவா? ஆனால் கார்னெகி சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிறவர் அல்ல. கட்டடத்துக்கு நான் பணம் தருகிறேன். நிலமும் வருஷா வருஷம் பராமரிப்புச் செலவும் ஊர் தர வேண்டும் என்பார். தேர் செய்து கொடுப்பது அவர், இழுப்பது ஊர்!

சிறிது தூரம் நடந்தால் அவர் ஆரம்பித்த தொழிற் பள்ளிக்கூடம். 1900-ல் வாக்குக் கொடுத்து, 1905-ல் வகுப்புகள் துவங்கின. இன்று அது கார்னெகி மெலன் சர்வகலாசாலை. பெண்களுக்கென்று 1906-ல் தனிப் பள்ளி திறந்து, செருப்புத் தைத்த தாயின் பெயரையே வைத்தார்கள்: மார்கரெட் மாரிஸன். குடித்தனக் கலை, தையல், காரியதரிசி வேலை இவை அங்கே பாடங்கள். 1973-ல் அந்தத் தனிப் பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. 1970-ல் இதே சர்வகலாசாலையில் மின்சார இன்ஜினீயரிங் பட்டம் பெற்ற ஜூடித் ரெஸ்னிக், 1984-ல் விண்வெளிக்குப் போனார். 1986-ல் சாலஞ்சர் விபத்தில் உயிர் துறந்தார். நமக்கும் இங்கே ஓர் உறவு உண்டு. சென்னை கிண்டியில் 1958-ல் இன்ஜினீயரிங் படித்து முடித்த ராஜ் ரெட்டிதான், 1979-ல் இங்கே இயந்திர மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கூடத்தை ஆரம்பித்து நடத்தியவர்.

இத்தோடு ஊர் திரும்பியிருந்தால் நானும், 'ஆஹா, கர்ணன்!' என்று எழுதி முடித்திருப்பேன். ஆனால் காரில் இருபது நிமிஷம் போனால் ஹோம்ஸ்டெட் என்ற ஊர் வருகிறது. ஆற்றங்கரையில் பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. சுற்றிலும் கடைகள், சினிமாக் கொட்டகை. 1986-ல் மூடிய கார்னெகியின் பெரிய எஃகு ஆலை இருந்த இடம் இது.

1892-ல் இங்கே கூலியைக் குறைப்பதென்று நிர்வாகம் முடிவு செய்தது. தொழிலாளர் சங்கம் மறுத்தது. ஆலைக் கதவை அடைத்தார்கள். கார்னெகி அப்போது ஸ்காட்லாந்தில். பொறுப்பில் இருந்தவர் ஃபிரிக் என்ற கூட்டாளி. அவர் போக்குக்குக் கார்னெகியின் ஆதரவும் இருந்தது. ஜூலை 6-ந் தேதி விடியற்காலை, பிங்கர்டன் கம்பெனியின் 300 காவலாட்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். ஊரே கரைக்கு ஓடி வந்தது, பெண்களும்தான். துப்பாக்கிகள் வெடித்தன. இரு தரப்பிலும் சேர்த்துக் குறைந்தது பத்து உயிர் போயிற்று. பிறகு பட்டாளம் வந்தது. சங்கம் உடைந்தது.

ஆறு வருஷம் கழித்து, 1898-ல், அதே ஊரின் மேட்டில் கார்னெகி ஒரு நூல்நிலையம் கட்டிக் கொடுத்தார். சங்கீத மண்டபமும் நீச்சல் குளமும்கூட வைத்த அழகான கட்டடம். ஆனால் ஆலையில் வேலை நேரம் பன்னிரண்டு மணி. ஒரு வாரம் பகல் முறை, அடுத்த வாரம் இரவு முறை. முறை மாறுகிற ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக 24 மணி நேரம்! நெருப்பின் முன் பன்னிரண்டு மணி நேரம் நின்றவன் வீட்டுக்கு வந்து புத்தகமா பிரிப்பான்? தூங்கி விழுவான்.

அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்தவள் ஒரு பெண். மார்கரெட் பையிங்டன் என்பது அவள் பெயர். தொண்ணூறு குடும்பங்களின் வரவு செலவை, பால் கணக்கு, வாடகைக் கணக்கு உட்பட எழுதி வாங்கி, 1910-ல் ஒரு புத்தகமாக வெளியிட்டாள். எஃகு ராஜ்யத்தின் கணக்கை அதுவரையில் எல்லோரும் டன்னிலும் டாலரிலும்தான் எழுதினார்கள். இவள் அதைச் சமையலறையிலிருந்து எழுதினாள். பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிந்தது 1923-ல். அப்போது கார்னெகி இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது.

அப்படியானால் அவர் நல்லவரா, கெட்டவரா? இந்தக் கேள்வியோடு வடகரைக்குத் திரும்பினேன். அலிகேனியில், பழைய நூல்நிலையக் கட்டடத்துக்கு எதிரே, கார்னெகி தம் குருவான கர்னல் ஆண்டர்சனுக்கு 1904-ல் வைத்த ஞாபகச் சின்னம் இருக்கிறது. 1960களில் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, 1988-ல் மறுபடி நிறுத்தினார்கள். அதில் ஓர் இளம் தொழிலாளியின் சிலை. மேலே சட்டையில்லாமல், பட்டடைக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறான். மடியில் புத்தகம். அதில் அப்படியே ஆழ்ந்து போயிருக்கிறான்.

அந்தப் பையனையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் படிப்பதற்கு இரண்டு பொருள்கள் வேண்டியிருந்தன. ஒன்று புத்தகம். மற்றொன்று, சுத்தியலைக் கீழே வைக்கக் கொஞ்சம் நேரம். முதலாவதை உலகத்தில் எவரும் கொடுக்காத அளவு வாரிக் கொடுத்தார் கார்னெகி. இரண்டாவதைத் தம் ஆலைக் கூலிக்காரர்களுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. புத்தகம் இல்லாத குறை அவர் பட்ட குறை, அதனால் தெரிந்தது. தாயார் நடுநிசி வரை ஊசி பிடித்ததையும் கண்ணால் கண்டவர்தானே? அது ஏன் ஞாபகம் வரவில்லை?

அடுப்படியை ஒழித்து, எல்லோரும் சாப்பிட்டானபிறகு, மத்தியானம் ஒரு மணி நேரம் இந்தப் பத்திரிகையைப் பிரிக்கிறீர்களே, அந்த ஒரு மணி நேரத்தின் விலை உங்களுக்குத் தெரியும். உங்களிடம் 48 கோடி டாலர் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் கர்னல் ஆண்டர்சனிடம் இருந்ததுபோல் ஓர் அலமாரி பல வீடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள் இருப்பாள். சனிக்கிழமை அந்த அலமாரியை அவளுக்குத் திறந்துவிடுங்கள். கையோடு, தாய்க்குத் துணையாக வேலை செய்ய வரச் சொல்லாமல், படிக்க ஒரு மணி நேரமும் விட்டுக் கொடுங்கள்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், அந்த இரும்பு ராஜாவைவிட ஒரு படி நீங்கள் உசத்தி!