கரிசல் பருத்தி கப்பலேறிய துறைமுகம்

பந்தல்குடி வழியாகச் செல்லும் மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் இரவு பகலாக கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அவை போய்ச் சேரும் துறைமுகத்துக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. பருத்தி விதைக்கும் குடும்பங்கள் ஒருநாள் ஒதுக்கிப் பார்த்துவர வேண்டிய ஊர் தூத்துக்குடி.

எட்டயபுரம் தாண்டி ஊருக்குள் போனதும் 'டபிள்யூ.ஜி.சி. ரோடு' என்று கடைப் பலகைகளில் காணலாம். அதன் விரிவு, 'வெஸ்ட் கிரேட் காட்டன் ரோடு'. அதாவது மேற்குப் பெரும் பருத்திச் சாலை. இப்போது அதற்கு வ.உ.சி. பெயர். திருநெல்வேலி, இராமநாதபுரம் கரிசலில் விளைந்த பருத்தி மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்கு வந்து, அங்கே பேல்களாக அழுத்திக் கட்டப்பட்டது. 1876-ல் மதுரையிலிருந்து ரயில் பாதை வந்ததும் வண்டிப் பயணம் குறைந்தது.

துறைமுகம் அதைவிடப் பழையது. முத்துக் குளிப்புக்குப் பேர்பெற்ற பாண்டியர் துறைமுகம் கொற்கை, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் சேர்ந்து கடல் விலகியது. இன்று கொற்கை கடலுக்குச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர். அதன்பின் காயல், பிறகு தூத்துக்குடி எனத் துறை இடம் மாறியது. 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர் என்று கை மாறியது.

பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. பெரிய கப்பல்கள் தொலைவில் கடலிலேயே நிற்க, பருத்திப் பேல்கள் தோணிகளில் போய் ஏறின. இன்றும் அங்கிருந்து தோணிகள் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டு போகின்றன.

இந்தக் கப்பல் போக்குவரத்தில் வெள்ளைக்காரக் கம்பெனி வைத்ததே சட்டமாக இருந்த காலத்தில்தான், ஒட்டப்பிடாரம் கரிசலில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அதே ஆண்டு சிறை சென்றார். கம்பெனியும் நொடித்துப் போனது.

துறைமுகம் சொல்லும் இன்னொரு பாடம் நேராக விவசாயிக்கானது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் பருத்தி வரவில்லை. இந்தியப் பருத்தி விலை ஏறியது. போர் முடிந்ததும் இறங்கியது. போரை நிறுத்தவோ நீட்டவோ கரிசல்காரனால் முடியாது. ஆனால் தரம் அவன் கையில் இருந்தது. 'டின்னவெல்லி' என்று வெளிநாட்டில் அறியப்பட்ட நம் பருத்தியின் பெயரைக் கெடுத்தது கலப்படம். கருங்கண்ணியோடு, இழை குட்டையான புளிச்சைப் பருத்தி கலந்தது. புளிச்சையில் பஞ்சு கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அது பரவியது. சுத்தமாக விளைவித்தவனுக்கும் கலந்த பருத்திக்கான விலைதான் கிடைத்தது. 1901-ல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் நல்ல கருங்கண்ணி ரகங்களைத் தேர்ந்தெடுத்து விதை கொடுத்துத்தான் நிலைமையைத் திருத்த வேண்டியிருந்தது.

ஊருக்குத் தெற்கே உள்ள புதிய துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகமானது. 2011-ல் வ.உ.சி. பெயர் பெற்றது. கடலுக்குள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளும் இரண்டு கல் சுவர்கள் அலையைத் தடுக்கின்றன. பக்கத்திலுள்ள முயல் தீவுக் கடற்கரையில் நின்றால் கப்பல்களைப் பார்க்கலாம். அன்று கரிசல் பருத்தி வெளியேறிய ஊரில், இன்று நம் நூற்பாலைகளுக்காக வெளிநாட்டுப் பருத்தியும் வந்து இறங்குகிறது. உள்ளூர்ப் பருத்தியை அதோடு ஒப்பிட்டுத்தான் மில்காரர் விலை பேசுகிறார்.

ஆகவே எடுப்பு நேரத்தில் இவற்றை மறக்கக் கூடாது. பனி ஈரம் உலர்ந்தபின் எடுக்க வேண்டும். கறைபட்டதையும் புழு தாக்கியதையும் தனியே வைக்க வேண்டும். ரகம் கலக்கக் கூடாது. எடைக்காகத் தண்ணீர் தெளிப்பது கூடவே கூடாது. யூரியா சாக்கில் கட்டினால் பிளாஸ்டிக் இழை பஞ்சோடு கலந்து, துணியில் சாயம் பிடிக்காமல் தனியாகத் தெரியும். பருத்தித் துணிச் சாக்கே நல்லது. பிரித்த பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்துக்குக் கொண்டு போனால், தரத்தைக் காட்டி விலை கேட்க முடியும்.