இருவகைப் பாய்கள்

ஆலங்குடி கடல் காணாத ஊர். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை அதற்குத் தென்கிழக்கே, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களை ஒட்டி அமைந்துள்ளது. எனினும் காற்றின் வலிமையை ஆலங்குடியார் நன்கு அறிவர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வீசியபோது, அவ்வட்டாரத்துத் தென்னைகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. பல்லாண்டு பேணி வளர்த்த செல்வம் ஓர் இரவில் அழிந்தது. தென்னை தன் ஓலைகளைச் சுருட்டிக்கொள்ள இயலாது. வீசும் காற்றைத் தாங்கியே நிற்க வேண்டும். பாய்மரப் படகைச் செலுத்துவோனுக்கோ, காற்று மிகும்போது பாயைக் குறைத்துக்கொள்ளும் வழி உண்டு. அதை எவ்வாறு குறைப்பது என்பதே சிறு படகுடையோர் ஆராயும் வினாவாகும்.

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே, இளங்காற்றில் படகை இனிது செலுத்திய பாயே, பெருங்காற்றில் அதனைக் கவிழ்க்கவும் கூடும். பாய்மரத்திலிருந்து படகின் முகப்பாகிய அணியத்திற்கு இழுத்துக் கட்டிய கம்பிவடத்தில் முன்பாய் நிற்கிறது. அதனைப் பொருத்தும் முறை இருவகைப்படும்.

முதலாவது கொக்கிப் பாய். பாயின் ஓரத்தில் வரிசையாகத் தைத்த சிறு கொக்கிகள் கம்பிவடத்தைப் பற்றிக்கொள்ளும். இளங்காற்றுக்குப் பெரும்பாய், கடுங்காற்றுக்குச் சிறுபாய், புயலுக்குத் தடித்த குறும்பாய் என மாற்றி மாற்றிக் கட்டுவர். ஒவ்வொன்றும் தன் காற்றுக்கு ஏற்ற வடிவில் தைக்கப்பட்டிருக்கும். தூக்குக்கயிற்றைத் தளர்த்தினால் பாய் கீழே இறங்கிவிடும். பழுதாவதற்கு அதில் பொறி ஏதும் இல்லை. ஆனால், பாயை மாற்ற ஒருவர் அலை மோதும் அணியத்திற்குச் செல்ல வேண்டும். தனியே செல்பவர் அங்கே தவறி விழுந்தால், படகு அவரை விட்டுவிட்டு ஓடிப்போகும்.

இரண்டாவது சுருள் பாய். அணியத்திலுள்ள உருளையில் ஒரு கயிறு சுற்றப்பட்டிருக்கும். சுக்கான் அருகில் அமர்ந்தபடியே அக்கயிற்றை இழுத்தால், கோரைப்பாய் சுருளுவதுபோல் முன்பாய் கம்பிவடத்தைச் சுற்றிச் சுருண்டுவிடும். முதியோர்க்கும் தனியே செல்வோர்க்கும் இஃது அரிய துணை. எனினும் குறையும் உண்டு. பாதி சுருட்டிய பாய் வடிவம் கெட்டுத் தொய்வதால், படகு எதிர்காற்றில் செவ்வனே முன்னேறாது. உருளை சிக்கிக்கொண்டால் பாயைச் சுருட்டவும் இயலாது. கயிறு அறுந்தால் சுருண்ட பாய் புயலின் நடுவே முழுவதும் விரிந்துவிடும்.

மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு ‘சுஹைலி’. ராபின் நாக்ஸ் ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அதில் 1968ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் புறப்பட்டு, எங்கும் தங்காமல் 312 நாளில் தனியே உலகைச் சுற்றி வந்தார். இதனை முதன்முதல் செய்தவர் அவரே. கொக்கிப் பாய்களையே அவர் கையாண்டார். அவருக்குப் பின்வந்த மாலுமிகள் பலர் சுருள் பாயை விரும்பினர். இரண்டையும் ஆய்ந்தவர்கள், முகப்பில் சுருள் பாயும், அதற்குப் பின்னே புயலுக்கென ஒரு சிறு கொக்கிப் பாயும் வைத்துக்கொள்கின்றனர்.

எப்பொறியும் கடலை முழுவதும் வெல்வதில்லை. நம் நாட்டுக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி, 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலிற் சிக்கினார். பாய்மரம் முறிந்தது; அவர் முதுகெலும்பும் காயமுற்றது. மீட்கப்பட்டு நலம் பெற்ற அவர், மீண்டும் அப்போட்டியிற் கலந்து, 2023இல் இரண்டாம் இடம் பெற்றார்.

எப்பாயைத் தேர்ந்தாலும் மாலுமிக்குரிய விதி ஒன்றே. ‘பாயைக் குறைக்கலாமா?’ என்னும் ஐயம் முதலில் தோன்றும் வேளையே அதனைக் குறைக்க வேண்டிய வேளை. சுருள் பாய் அவ்வேலையை எளிதாக்குகிறது. கொக்கிப் பாய் அதனை உறுதியாக்குகிறது. ஆனால் ‘இன்னும் சற்றுப் பொறுப்போம்’ என்று காலம் தாழ்த்துவோனை இரண்டும் காவா. வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது உழவர்க்கு மட்டுமன்றி மாலுமிக்கும் உரிய மொழியாகும்.