ஆம்னிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர்

சித்திரை மாதம் முதல் செவ்வாய்க்கிழமை சமயபுரத்தில் தேர். அதற்கு நாலைந்து நாள் முன்பிருந்தே பாதயாத்திரைக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். ஓட்டல், அன்னதானப் பந்தல் என்று எங்கே பார்த்தாலும் வாழையிலை கேட்பார்கள். ஊரை ஒட்டி இரண்டரை ஏக்கரில் பூவன் வாழை வைத்திருக்கும் அந்த விவசாயிக்குக் கையில் நாலு காசு தங்குகிற வாரம் அதுதான். கடந்த ஆண்டு தேர் முடிந்து கணக்குப் பார்த்தபோது, இலைக்காசில் கணிசமான பங்கு பெட்ரோல் பங்கில் இறங்கியிருந்தது.

அவரிடம் இருப்பது பழைய விலைக்கு வாங்கிய ஆம்னி. பின்னால் சீட் இல்லாத, சரக்கு ஏற்றுகிற வகை. 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னியாகி, 2019-ல் தயாரிப்பு நின்றுபோன அதே வண்டி. 796 சிசி இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சித்திரை வெயிலில் அந்த சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை.

தினமும் விடியற்காலை இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போய் வர 32 கிலோமீட்டர். வாரத்தில் இரண்டு நாள் தார் வெட்டுவார். தாரையும் இலையையும் ஒன்றாகப் போட்டால் இலை கிழியும், தாரும் கறுக்கும். அதனால் அந்த இரண்டு நாளும் இரண்டு நடை.

"ஒரு டிரெய்லர் இருந்தா ஒரே நடையில முடிஞ்சிடும்ல?" என்று அவர்தான் ஆரம்பித்தார். மனைவி உடனே சரி என்று சொல்லவில்லை. ஆனால் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்து 18,000 ரூபாயைக் கொடுத்ததும் அவர்தான். வெல்டிங் பட்டறையில் பழைய ஆக்சில், இரும்புச் சட்டம், மூன்றடி உயரத்துக்குத் தகரப் பக்கம் எல்லாம் வைத்து வைகாசியில் டிரெய்லர் வந்து சேர்ந்தது. ஆம்னியின் பின்புறம் கொக்கி வைத்துப் பற்றவைத்தார்கள். ஊரில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மனைவி குழுவின் கணக்கு எழுதுபவர். வண்டிக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டார். முறை எளிது. டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டியது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு அதே பங்கில் மறுபடி நிரப்ப வேண்டியது. எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் அந்த வாரச் செலவு. இடையில் நூறுக்கும் இருநூறுக்கும் போட்டால் இந்தக் கணக்கு வராது. நம்மில் பலருக்கு வண்டி உண்மையில் என்ன மைலேஜ் தருகிறது என்று தெரியாமல் போவதற்கு அந்தப் பழக்கம்தான் காரணம்.

டிரெய்லர் வருவதற்கு முன்பு வாரத்துக்கு 9 நடை, 288 கிலோமீட்டர். லிட்டருக்கு 13 கிலோமீட்டர் வீதம் 22 லிட்டர் சொச்சம். டிரெய்லர் வந்த பிறகு 7 நடைதான், 224 கிலோமீட்டர். ஆனால் பெட்ரோல் 22½ லிட்டர்!

"என்னங்க, ரெண்டு நடை குறைஞ்சும் காசு குறையலையே?"

அவருக்கும் முதலில் விளங்கவில்லை. பங்கில் அளவு குறைக்கிறார்களோ என்று வேறு பங்கில் போட்டுப் பார்த்தார். அங்கேயும் அதேதான். பிறகு மனைவி நோட்டை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்ததில் சங்கதி வெளியே வந்தது. கொக்கியைக் கழற்றி மாட்டுவது இருட்டில் சிரமமாக இருந்ததால், ஏழு நாளும் டிரெய்லரோடுதான் அவர் போய் வந்திருக்கிறார். இலை மட்டும் போகிற ஐந்து நாளும், வேனுக்குள்ளேயே அடங்குகிற கட்டுகளைப் பின்னால் தூக்கிப் போட்டு, வேன் கூரைக்கு மேல் ஓரடி உயரம் அடுக்கியிருக்கிறார். இலைக்கு எடை என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்ற நினைப்பு.

எடை இல்லைதான். ஆனால் காற்று இருக்கிறது. வேனுக்குப் பின்னால், அதன் மறைவுக்குள் அடங்கிவிடும் சுமையைக் காற்று அவ்வளவாகப் பிடிக்காது. கூரைக்கு மேலே துருத்தினால் அது இன்னொரு முகம் வைத்த மாதிரி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40-ல் போகிற வண்டியை 60-ல் ஓட்டினால் இரண்டே கால் மடங்கு. மண்டிக்கு முந்திப் போனால் நல்ல விலை என்று அவர் மிதித்த மிதிக்குப் பெட்ரோல் போன வழி அது. திரும்பி வரும்போது காலி டிரெய்லரும் சும்மா வருவதில்லை. பின் தகரம் மூடியிருக்க, திறந்த தொட்டிக்குள் காற்று புகுந்து பின்னுக்கு இழுக்கும்.

தார் ஏற்றுகிற நாளில் கதை வேறு. இருபது தார் என்றால் 350 கிலோ வரை வரும். சக்கரம் உருளுவதற்கான எதிர்ப்பு எடைக்குத் தக்கபடி கூடும். டயரில் காற்று குறைவாக இருந்தால் இன்னும் கூடும். பட்டறையில் போட்டுக் கொடுத்த பழைய டயர்களில் அவர் வைகாசியிலிருந்து காற்றே பார்க்கவில்லை. அதோடு வேகத்தடை, நெ.1 டோல்கேட் சந்திப்பு, குறுக்கே வரும் ஆடு மாடு என்று ஒவ்வொரு முறை நிறுத்தி எடுக்கும்போதும், அந்த எடை முழுவதையும் மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். நின்று நின்று போகிற ரோட்டில் எடைதான் பெட்ரோலைத் தின்னும். நிற்காமல் விரட்டிப் போகிற ரோட்டில் காற்று தின்னும்.

ஆனி மாதம் முழுக்க மாற்றிப் பார்த்தார்கள். இலை நாளில் டிரெய்லர் வீட்டிலேயே நின்றது. தார் நாளில் மட்டும் மாட்டி, டயருக்குக் காற்று பிடித்து, சுமையைக் கூரைக்குக் கீழே வைத்து, தார்ப்பாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நாற்பதைத் தாண்டாமல் போனார். காலியாகத் திரும்பும்போதும் தொட்டியின் மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. தார் நாளில் லிட்டருக்கு 11 கிடைத்தது. இலை நாளில் பழையபடி 13. வாரத்துக்கு மொத்தம் 18 லிட்டர் சொச்சம். நாலு லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறபோது வாரம் 400 ரூபாய். ஒரு வருடத்துக்குள் குழுக் கடன் அடைந்துவிடும் என்று மனைவி நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார்.

அப்புறம் ஆடி வந்தது.

ஆடிக்காற்று வாழைக்காரருக்குப் புதிதில்லை. சாயும் என்று பயந்து முற்றிய தாரையெல்லாம் முன்கூட்டியே வெட்டுவார்கள். அன்றைக்கு வழக்கத்தைவிட ஏழெட்டுத் தார் அதிகம். மண்டியில் சீக்கிரம் இறக்க வேண்டும் என்று கனத்த தார்களைக் கடைசியாக, பின்கதவு ஓரமாக ஏற்றினார். கொள்ளிடம் பாலத்தில் ஏறி நடுவே போகும்போது மேற்கிலிருந்து காற்று பக்கவாட்டில் அறைந்தது. டிரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்கியது. அவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, அது மறுபக்கம் வந்தது. அப்புறம் இரண்டு பக்கமும் வால் ஆட்டுகிற மாதிரி ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் மனைவி. எதிரே பஸ். பயத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார். வண்டி தானாக வேகம் குறைந்து அடங்கியது.

பாலம் தாண்டி ஓரங்கட்டியபோது கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை. மனைவி இறங்கி நின்று, "நாளையிலேர்ந்து நான் பஸ்ல வர்றேன்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும், திண்ணையில் இருந்த எண்பது வயதுத் தகப்பனார் கேட்ட முதல் கேள்வி: "பாரம் எப்படிடா வச்ச?"

சொன்னார்.

"பின்பாரம் வச்சா நுகத்தடி மாட்டுக் கழுத்த விட்டு மேல தூக்கும்னு உனக்குத் தெரியாதா? மாடு எப்படிடா கால ஊணும்?"

மாட்டு வண்டியில் பாரம் கட்டியவர்களுக்கு இது பாலபாடம். ஆம்னியில் பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளுகிறது. டிரெய்லரில் பின்பாரம் ஆனால் கொக்கி மேலே தூக்கும்; வேனின் பின்சக்கரம் தரையில் பிடிப்பை இழக்கும். அதனால் கனத்தை ஆக்சிலுக்கு மேலேயும், கொஞ்சம் முன்னாலும் வைக்க வேண்டும். டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இறங்குகிற மாதிரி இருந்தால் ஆட்டம் குறையும். 400 கிலோ என்றால் 40 கிலோ. அதற்கு மிக அதிகமானால் வேனின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரம் ஸ்டீயரிங்குக்குச் சரியாகக் கட்டுப்படாது. டிராக்டர் டிரெய்லரைப் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் தோன்றுவதில்லை. டிராக்டர் கனம் கூடியது, வேகம் குறைந்தது. பின்னால் எப்படி ஏற்றினாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆம்னி பொறுக்காது.

கிளட்ச் பிளேட் மாற்றிய செலவில் ஆனி மாத மிச்சம் கரைந்து, மேலும் கைக்காசு போட வேண்டியிருந்தது. அதே மாதத்தில் ஒருநாள் போக்குவரத்துக் காவலர் ஒருவர் நிறுத்தி, "டிரெய்லருக்கு ஆர்.சி. எங்கே?" என்று கேட்டார். வண்டிக்கு இருந்தால் போதாதா என்று இவர் விழித்தார். போதாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரையும் தனி வாகனம்போலப் பதிவு செய்ய வேண்டும். இழுக்கிற வண்டியின் எண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும். பட்டறையில் செய்த டிரெய்லருக்கு அந்தக் காகிதம் எதுவும் இல்லை. அன்று எச்சரித்து விட்டுவிட்டார்கள். கொள்ளிடம் பாலத்தில் அந்த பஸ்மீது மோதியிருந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் காகிதமும் இதுவாகத்தான் இருந்திருக்கும். இரண்டரை ஏக்கரில் எவ்வளவு விற்றிருக்க வேண்டியிருக்கும் என்று அவர் அன்றிரவு யோசித்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆவணி பிறந்ததும் அவரே ஆம்னியின் கொக்கியை அறுத்து எடுத்தார். இப்போது தார் வெட்டுகிற நாளைப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரோடு பேசி ஒன்றாக வைத்துக்கொள்கிறார். முக்கால் டன் ஏற்றுகிற குட்டி யானை ஒன்றை மூன்று பேரும் வாடகைக்குப் பிடித்துச் செலவைப் பிரித்துக்கொள்கிறார்கள். இலை மட்டும் ஆம்னியில், 13 மைலேஜில் போகிறது. டிரெய்லர் வீணாகவில்லை. முன்சட்டத்தை மாற்றி, தம்பியின் பவர் டில்லரில் மாட்டி, தொழுவத்துக்கும் வயலுக்கும் நடுவே எரு அடிக்கிறார்கள். ரோட்டுக்கு அது வருவதில்லை.

குழுக் கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி. மனைவி ஒரு மாதம்போல பஸ்ஸில் போய்விட்டு, பஸ்ஸில் இலைக்கட்டு ஏற்ற விடுவதில்லை என்று மறுபடி ஆம்னியிலேயே வருகிறார். சீட்டுச் சூட்டுக்கு ஒரு சாக்கை மடித்துப் போட்டிருக்கிறார். நோட்டும் அந்தச் சாக்குக்கு அடியில்தான் இருக்கிறது.