கிருஷ்ணகிரிக்கு ஒரு டிக்கெட்

நாற்பது வயதுக்கு மேல் மனிதனுக்குப் பிடிக்கும் பைத்தியங்கள் பலவகைப்பட்டவை. சிலருக்கு மனை வாங்கும் பைத்தியம்; சிலருக்கு ஜாதகம் பார்க்கும் பைத்தியம்; வேறு சிலர் விடியற்காலையில் எழுந்து ஊரைச் சுற்றி ஓடத் தொடங்கி விடுகிறார்கள். நமக்குப் பிடித்தது ரயில் பைத்தியம். ஏறிப் பிரயாணம் செய்கிற ரயில் அல்ல. உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடிய சின்னஞ்சிறு ரயில். அதுவும் புதியது அல்ல. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்து, கை மாறி வந்த பழைய ரயில்.

இந்த விபரீதம் எப்படி நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நாம் ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான உபாத்தியாயர். பூர்வீகம் கிருஷ்ணகிரி. ஒரு நாள் வகுப்பில் தூரம், வேகம், நேரம் பற்றிய கணக்கு நடந்து கொண்டிருந்தது. "கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு ரயில்..." என்று நாம் ஆரம்பித்ததுதான் தாமதம், வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ஸார், கிருஷ்ணகிரியில் ஏது ரயில்?" என்றான் ஒரு பையன்.

பையன் மேல் குற்றமில்லை. கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத்தின் தலைநகரம். பெரிய சாலைகள் பல வந்து கூடும் ஊர். ஆனால் அங்கே ரயில் நிலையம் கிடையாது. "ஒரு காலத்தில் இருந்தது" என்றோம். உபாத்தியாயர் தமக்குத் தெரியாததை மறைப்பதற்குச் சொல்லும் சமாதானம் என்றே அவர்கள் அதை எடுத்துக் கொண்டார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து நம் தகப்பனாரிடம் இதைச் சொன்னோம். அவருக்கு வயது எழுபத்தெட்டு. கண் பார்வை மங்கி விட்டது. அவர் சிரிக்கவில்லை. "என்னையும் இப்படித்தான் சிரித்தார்கள்" என்றார். நம் பாட்டனார் கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதியவர். மூட்டைகளுடன் அந்தச் சின்ன ரயிலில் திருப்பத்தூருக்குப் போய் வந்ததைச் சாகும் வரையில் சொல்லிக் கொண்டிருந்தாராம். "ஒரே ஒரு டிக்கெட்டையாவது அவர் எடுத்து வைத்திருக்கலாம். நான் சொன்னால் யார் நம்புகிறார்கள்?" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

அந்த ரயில் கட்டுக்கதை அன்று. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு சேர்ப்பதற்கு உதவும் என்று கருதி, 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய ரயில் பாதைகள் போடப்பட்டன. இரண்டாவது பாதை 1913-ல் ஓசூர் வரையில் நீட்டப்பட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டாம் உலக யுத்தம் முடிவதற்குள் இரண்டு பாதைகளும் நிறுத்தப்பட்டு விட்டன. ஓசூருக்குப் பிற்காலத்தில் மீட்டர் கேஜ் பாதையும், பிறகு அகலப் பாதையும் வந்து சேர்ந்தன. கிருஷ்ணகிரிக்குப் போன ரயில் போனதுதான்.

போன ரயிலை நாம் திரும்பக் கொண்டு வர முடியாது. ஆனால் ஒரு பலகையின் மேல் ஓட விடலாம் அல்லவா? இந்த யோசனை தோன்றிய நாளிலிருந்து நமக்குத் தூக்கம் போயிற்று.

பொம்மை ரயிலை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியில் மார்க்லின் கம்பெனியார் 1891-லேயே லைப்ஸிக் நகரத்துச் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளத்துடன் காட்டினார்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி 1920-ல் தம்முடைய ரயில்களை விற்கத் தொடங்கினார். நம் தேசத்தில் பூனா நகரத்தில் ஜோஷி என்பவர் ஆயுள் முழுவதும் சேர்த்தும் செய்தும் வைத்த சிற்றுருவ ரயில்கள், 1998 முதல் ஒரு காட்சிசாலையில் ஓடிக் கொண்டிருக்கின்றன.

ஆனால் புது ரயிலுக்கு ஆகும் செலவு உபாத்தியாயருக்கு ஏற்றதல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் விளையாட்டுச் சாமான்களுக்கு 2020-ல் சுங்கவரி 20 சதவிகிதத்திலிருந்து 60 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. ஆகவே பழைய சாமான்தான் கதி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பெங்களூருக்குப் போனோம். சிக்கபேட்டை அருகே கூடும் பழைய சாமான் சந்தையில், உடைந்த மின்விசிறிகளுக்கும் பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் நடுவில், ஒரு அட்டைப் பெட்டி நம்மைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே ஒரு எஞ்சின், நான்கு வண்டிகள், வட்டத் தண்டவாளம், மின்சாரப் பெட்டி, ஒரு சிக்னல் கம்பம், விரல் நகம் அளவில் ஆறு மனிதர்கள். விலை ரூ.3,500. பேரம் பேசாமல் கொடுத்தோம். அந்தப் பணம் புது மிக்ஸி வாங்குவதற்காக நம் மனைவி சேர்த்து வைத்தது என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம்.

வீட்டுக்கு வந்ததும் குடும்பம் முழுவதையும் கூட்டி வைத்துக்கொண்டு மின்சாரப் பெட்டியைச் சுவரில் மாட்டினோம். இரண்டு நிமிஷம் 'உம்' என்று ஒரு சப்தம், பிறகு ஒரு நாற்றம், பிறகு புகை. "புகை வண்டி என்று சொன்னீர்களே, சரியாகத்தான் இருக்கிறது" என்றாள் மனைவி.

நடந்தது இதுதான். அது அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் வீட்டில் 230 வோல்ட். பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் அது அச்சிடப்பட்டிருந்தது. பௌதிகத்தில் பட்டம் பெற்ற நாம் அதைப் படிக்கவில்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் பெண் படித்தாள், ஆனால் புகை வந்த பிறகு. எஞ்சினை இன்னும் தண்டவாளத்தில் வைக்காததால் அது தப்பியது.

ஆயினும் எஞ்சின் ஓடவில்லை. அடுத்த வீட்டில் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். கன்னடக்காரர், நம்மை 'மேஷ்ட்ரே' என்றுதான் அழைப்பார். எஞ்சினைக் கையில் வாங்கிக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக் கொண்டார். "மேஷ்ட்ரே, இதைவிடச் சின்னச் சக்கரங்களோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான்" என்றார். அச்சில் சுற்றியிருந்த தலைமயிரைச் சிமிட்டாவால் எடுத்தார். கெட்டியாகிப் போயிருந்த பழைய மசகை ஐஸோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தார். ஊசி முனையில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்தார். ஒன்பது வோல்ட் பாட்டரியின் இரு கம்பிகளையும் சக்கரங்களில் வைத்ததும் எஞ்சின் அவர் கையிலேயே சுழன்றது. கோவிலில் திரை விலகிய போது கேட்கிற மாதிரி எல்லோரும் 'ஆ' என்றோம்.

மின்சாரத்துக்கு உள்ளூரில் 12 வோல்ட் வரை கூட்டிக் குறைக்கக் கூடிய நேர்மின் பெட்டி ஒன்று வாங்கினோம். இதன் தத்துவம் எளிது. ஒரு தண்டவாளம் நேர், மற்றது எதிர். வோல்ட்டைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் ரயில் பின்னோக்கிப் போகும். ரயில் ஓடியது. தகப்பனாரும் பக்கத்தில் உட்கார்ந்து சப்தத்தைக் கேட்டார். ஆனால் அவர் முகம் மலரவில்லை. தண்டவாளத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பெரிய ரயில். நம்முடையது ஒடுக்கமாக இருக்கும் என்று அப்பா சொல்வார்" என்றார்.

இங்கேதான் நம் பெண் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தாள். நம்முடைய ரயில் 'ஹெச்.ஓ.' என்னும் அளவு. அதாவது 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வருகிறது. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதை. நம் அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர். கிருஷ்ணகிரிப் பாதை 762 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் எவ்வளவு? "8.76, அப்பா! ஒன்பது மில்லிமீட்டருக்குக் கால் மில்லிமீட்டர்தான் குறைவு!" என்று கூவினாள்.

ஒன்பது மில்லிமீட்டர் தண்டவாளம் உலகத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. 160-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் இன்னும் சிறிய ரயில்களுக்கு உரியது அது. அந்த அளவுக்கு 'என்' என்று பெயர். ஆக, 'என்' ரயிலின் சக்கரங்களையும் மோட்டாரையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் 87-ல் ஒரு பங்கு அளவில் அட்டையால் உடம்பு செய்து மாட்டினால், இரண்டரை அடிப் பாதை ரயில் தயார்! குறுகிய பாதை ரயில்களில் ஆசை கொண்டவர்கள் மேல்நாடுகளில் நெடுநாளாகக் கையாளும் உபாயம் இதுதான் என்று பிற்பாடு அறிந்தோம். நம் பெண் அதைத் தானாகவே கண்டுபிடித்தாள் என்பதில் நமக்குள்ள பெருமையை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

பெங்களூரில் சின்ன வீட்டுக்குக் குடி மாறிய ஒரு கனவான் தம் 'என்' ரயிலை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். இந்தத் தடவை பையில் பாட்டரியும் பூதக்கண்ணாடியும் இருந்தன. ரூ.2,000-க்கு ஒரு எஞ்சினும், இரண்டு வண்டிகளும், வட்டத்துக்கு வேண்டிய தண்டவாளமும் கிடைத்தன. இரண்டடி அகலமும் மூன்றடி நீளமும் உள்ள ஒட்டுப் பலகை ஒன்று போதுமானதாயிற்று. முதல் பெட்டியிலிருந்த ஆறு மனிதர்களும் சிக்னல் கம்பமும் வீண் போகவில்லை. அவர்களும் 87-ல் ஒரு பங்கு மனிதர்கள்தானே! நம் மனைவி, மிக்ஸி விஷயத்தை மறந்துவிடாமலே, பழைய புடவைத் துணியிலிருந்து கடுகு மூட்டை போன்ற புளி மூட்டைகள் தைத்துக் கொடுத்தாள். முழுப் பாதையையும் இதே அளவில் போட்டால் என்ன நீளம் ஆகும் என்று கணக்குப் பார்த்தோம். 460 மீட்டர்! வாசலைத் தாண்டித் தெருக்கோடி வரையில் போக வேண்டியிருக்கும் என்பதால் அந்த உத்தேசத்தைக் கைவிட்டோம்.

நம்மைப் போல் தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு, பட்டறிந்து கற்ற சில வார்த்தைகள். முதலாவது, இருக்கிற இடத்தை அளந்து எந்த அளவு ரயில் என்று தீர்மானித்த பிறகே சந்தைக்குப் போக வேண்டும். இரண்டாவது, மின்சாரப் பெட்டியின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மிகப் பழையதானால், 230 வோல்ட்டுக்கு உரியதாயினும், அதை விட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள். மூன்றாவது, பழைய மார்க்லின் ரயில்கள் நடுவில் மூன்றாவது மின் தொடர்பு உள்ள பாதைக்கும் மாறுமின்சாரத்துக்கும் உரியவை. அவற்றைச் சாதாரண இரட்டைத் தண்டவாளத்தில் வைத்தால் சக்கரங்கள் வழியே மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். இரண்டையும் கலந்து வாங்கக் கூடாது. நான்காவது, மிகப் பழைய எஞ்சின்களில் துத்தநாக வார்ப்பு வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். உலோகத்தில் ஈயம் கலந்திருந்தால் அது நாளடைவில் உதிர்ந்து போகும், அதற்கு மருந்து இல்லை. ஐந்தாவது, தண்டவாளத்தை உப்புக் காகிதத்தால் தேய்க்காதீர்கள். கீறல்களில் அழுக்கு அதிகமாகச் சேரும். கடைசியாக, முதலில் ஒரே ஒரு வட்டம் போதும். அது ஒழுங்காக ஓடிய பிறகு கிளைப் பாதைகளைப் பற்றி யோசிக்கலாம்.

மூன்று மாதத்தில் ரயில் தயாராயிற்று. வட்டப் பாதையின் ஒரு பக்கம் திருப்பத்தூர், மறு பக்கம் கிருஷ்ணகிரி. நிலையப் பலகையை நம் பெண் எழுதினாள். பாட்டனார் ஏறிய வண்டி எப்படியிருந்தது என்று காட்ட நம் வீட்டில் ஒரு படமும் இல்லை. தகப்பனாருக்குக் கேட்டு நினைவிருந்த அளவுக்கு அட்டையை வெட்டினோம். அவர் தண்டவாளத்தின் மேல் விரலை வைத்து, "ஆமாம், இவ்வளவுதான்" என்றார். அப்போது பேத்தி அவர் கையில் தடித்த அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்தாள். "தாத்தா, டிக்கெட்! திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு." அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். ரயில் சுற்றிச் சுற்றி வந்து கொண்டிருந்தது. வெகு நேரம் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுவாரம் பலகையை ஆட்டோவில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனோம். பையன்கள் மேஜையைச் சுற்றிக் கூடினார்கள். பாதைகள் போட்ட வருஷங்களையெல்லாம் கரும்பலகையில் எழுதினோம். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பு சிரித்த அதே பையன், ரயில் நாலைந்து சுற்று வந்ததைப் பார்த்துவிட்டு, "ஸார், இருந்த ரயிலை ஏன் எடுத்தார்கள்? மறுபடியும் போட மாட்டார்களா?" என்று கேட்டான்.

கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நெடுநாளாகக் கேட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் நம் எட்டாம் வகுப்பும் சேர்ந்து விட்டது. ரூ.5,500-க்கு இதைவிட நல்ல பலன் வேறு என்ன வேண்டும்?

மிக்ஸி இந்தத் தீபாவளிக்குள் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதையும் பழைய சாமான் சந்தையில் பார்க்கலாமா என்று கேட்டோம். வந்த பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.