குதிரையும் கையெழுத்தும்

எங்கள் ஊரில் பெருமாள் கோயில் முக்கு வந்ததும் அப்பா சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். ஊர்த்தெரு முடிகிறவரை தள்ளிக்கொண்டே போவார். முடிந்ததும் ஏறிக்கொள்வார். இறங்குடா என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லாமலே இறங்க வைப்பதுதான் சாதி.

சைக்கிளுக்கே இந்தப் பாடு என்றால் குதிரைக்குக் கேட்கவா வேண்டும்? 2018 மார்ச்சில் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில், சொந்தமாகக் குதிரை வாங்கி அதில் போய்வந்துகொண்டிருந்த 21 வயது தலித் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். குதிரை ஏறக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் மிரட்டிவந்ததாகத் தகப்பனார் போலீசில் சொன்னார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குதிரையைத் தொடாதே என்று நம்மை யாரும் சொன்னதில்லை. புல் அறுக்கலாம், லத்தி அள்ளலாம், உடம்பு தேய்த்துவிடலாம். ஏறத்தான் கூடாது.

2022இல் கிண்டிப் பக்கம் ஒரு சேரியில் இரவுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படிக்கிற பையன் ஒருவன் கேட்டான்: “ண்ணா, ஜாக்கி லைசென்ஸ் வாங்கணும்னா இன்னா படிக்கணும்?” அவன் அப்பா ரேஸ் கோர்சில் சைஸ், அதாவது குதிரை பார்க்கிறவர். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது: “எங்கப்பாதான் விடியகாலைல போயி குதிரைய குளிப்பாட்டுது, தீனி வெக்குது. அதுக்கு ஒடம்பு சரியில்லன்னா மொதல்ல எங்கப்பாவுக்குத்தான் தெரியும். ரேஸ் அன்னிக்கு மட்டும் கயித்தப் புட்ச்சினு நடக்குது. மேல ஏறது வேற ஆளு. ஏன்ணா?”

நான் தமிழ் எம்.ஏ. புறநானூற்றில் ‘குதிரை மறம்’ என்று ஒரு துறையே உண்டு. அதில் உளுந்துச் சக்கை தின்ற குதிரை வருகிறது. சக்கையை வைத்தவன் வருவதில்லை. பையனின் கேள்விக்கு என் படிப்பில் பதில் இல்லை. விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜாக்கி லைசென்ஸ் சர்க்கார் கொடுப்பதல்ல, ரேஸ் கிளப்பின் ஸ்டூவர்டுகள் கொடுப்பது. முதலில் அப்ரன்டிஸாகச் சேர வேண்டும். உடம்பு எடை ஐம்பது கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். குதிரையை அடக்கி ஓட்டத் தெரியும் என்று ஸ்டூவர்டுகளுக்குத் திருப்தி வர வேண்டும். இது முதல் வாசல். இரண்டாவது வாசல் இதைவிடக் குறுகல். லைசென்ஸ் கையில் இருந்தாலும் குதிரை ஜாக்கியுடையது அல்ல. முதலாளியும் பயிற்சியாளரும் கூப்பிட்டு ஏற்றிவிட்டால்தான் சவாரி. கூப்பிடாவிட்டால் லைசென்ஸ் வெறும் காகிதம். எந்த வாசலிலும் இடஒதுக்கீடு கிடையாது.

குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமையாட்டம் என்று சென்னை ரேஸ் கிளப் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி. அந்தத் திறமை எங்கே விளைகிறது? லாயத்தில் விளைகிறது. அப்படியானால் லாயத்துக்காரன் ஏன் மேலே இல்லை?

ஒரு காலத்தில் இருந்தான், அமெரிக்காவில். அங்கே தென்பகுதிப் பண்ணைகளில் குதிரை வளர்த்தது, பழக்கியது, ஓட்டியது எல்லாம் அடிமைகளாக இருந்த கறுப்பர்கள். அடிமைமுறை ஒழிந்து பத்து வருஷத்தில், 1875இல், முதல் கென்டக்கி டெர்பி நடந்தது. அதில் ஓடிய 15 குதிரைகளில் 13க்கு ஜாக்கி கறுப்பர். ஜெயித்தவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பர். அந்தக் குதிரையைப் பழக்கிய ஆன்சல் வில்லியம்சன் அடிமையாகப் பிறந்தவர். அதே டெர்பியை ஐசக் மர்ஃபி மூன்று முறை ஜெயித்தார். முதல் 28 டெர்பிகளில் 15ஐ கறுப்பர்களே ஜெயித்தார்கள். ஜெயித்ததும் பணம் வந்தது, பேர் வந்தது. அதுதான் வெள்ளையர் கண்ணை உறுத்தியது.

1894இல் நியூயார்க்கில் ஜாக்கி கிளப் உருவாகி, லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் பணக்கார வெள்ளையர் கைக்குப் போனது. கறுப்பர் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. 1900 வாக்கில் வெள்ளை ஜாக்கிகள் கூட்டுச் சேர்ந்து, ஓட்டத்தின் நடுவிலேயே கறுப்பர் குதிரைகளை வேலியோடு வேலியாக நெருக்கினார்கள். சாட்டையால் அடித்தார்கள். வம்பு எதற்கு என்று முதலாளிகள் கறுப்பரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். 1901, 1902 இரண்டு வருஷமும் டெர்பி ஜெயித்த ஜிம்மி விங்க்ஃபீல்டு பிழைப்புக்கு ரஷ்யா போக வேண்டியதாயிற்று. 1961இல் விருந்துக்கு அழைக்கப்பட்டு லூயிவில் நகர ஓட்டலுக்கு வந்தபோது, முன்வாசல் வழியாக வரக் கூடாது என்று நிறுத்தினார்கள். 1921க்குப் பிறகு 2000 வரை அந்த டெர்பியில் ஒரு கறுப்பு ஜாக்கிகூட இல்லை.

ஆக, கறுப்பருக்குக் குதிரை ஓட்டத் தெரியாமல் போகவில்லை. தெரிந்தவனைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்கள். எங்கப்பா கோயில் முக்கில் இறங்கியதும் இப்படித்தான்.

இது நமக்குப் புதிதல்ல. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று 2006இல் அரசு ஆணை வந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர் முறையாகப் படித்துச் சான்றிதழும் வாங்கினார்கள். வழக்கு மேல் வழக்கு. சான்றிதழ் பெட்டியிலேயே கிடந்தது. 2021 ஆகஸ்டில்தான் அவர்களில் 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. முதல் வாசலைத் திறந்துவிட்டு இரண்டாவது வாசலைப் பூட்டிக்கொள்வது இவர்களுக்குக் கைவந்த கலை.

பையனிடம் இரண்டு வாசலையும் சொன்னேன், அமெரிக்கக் கதையையும் சொன்னேன். 2024 செப்டம்பரில் வாடகை பாக்கிக்காக அரசு கிண்டிக் குத்தகையை ரத்து செய்து 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது. நிலத்தில் என்ன வரும் என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். நான் படித்த செய்திகளில் சைஸ்கள் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை.

1968இல் மேரிலாந்தில் கேத்தி குஸ்னர் என்ற பெண்ணுக்கு ஜாக்கி லைசென்ஸ் மறுத்தார்கள். அவர் கெஞ்சவில்லை. கோர்ட்டுக்குப் போய் வாங்கினார். ‘திறமை இருந்தால் தானா மேல வரலாம்’ என்று நம் பிள்ளைகளிடம் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திறமை ஏற்கெனவே இருக்கிறது, விடியற்காலையிலிருந்து லாயத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கையெழுத்துப் போடுகிற மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த மேசையில் நமக்கும் நாற்காலி வேண்டும்.