நீர்வழியிற் கற்ற பாடம்

கல்லூரியை விட்டு நீங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னர், பழைய மாணவர் இருவேம் ஒன்றுகூடி, 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆங்கில நாட்டுக் கால்வாய் ஒன்றிற் படகுப் பயணம் செய்தோம். எங்களுள் ஒருவர் பர்மிங்காம் நகரிற் பல்லாண்டுகளாகக் குடியிருப்பவர். மற்றவர் நம் நாட்டிலேயே ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவர். விடுதியில் ஒரே அறையில் மூன்றாண்டு உடனுறைந்த எங்களுக்கு ஏழடி அகலமுள்ள படகு இடம் போதாததாகத் தோன்றவில்லை. அப்பயணத்திற் கண்டதையும், அதில் எங்களுக்கு நேர இருந்த கேட்டையும் கல்லூரி அன்பர்களுக்கு எழுதுகின்றோம்.

'நேரோபோட்' என வழங்கும் இப்படகு ஏறத்தாழ ஏழடி அகலமும், மிகுந்தால் எழுபத்திரண்டு அடி நீளமும் உடையது. இவ்வகலம் படகு கட்டினோர் விரும்பிக் கொண்டதன்று. கால்வாயிலுள்ள நீர்ப்பூட்டுகளின் அகலமே படகின் அகலத்தை வரையறுத்தது. பிரிட்ஜ்வாட்டர் கோமகன் தம் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டர் நகருக்குக் கொண்டுசெல்ல வெட்டுவித்த கால்வாய் 1761-இல் திறக்கப்பெற்றது. அப்பணியில் ஈடுபட்ட ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பார், பின்னர் நாட்டின் நடுப்பகுதியில் தாம் வகுத்த கால்வாய்களில் செலவும் நீரும் மிகாதிருத்தற்பொருட்டுப் பூட்டுகளைக் குறுகலாக அமைத்தார். அன்று கரையில் நடந்த ஒரு குதிரை படகை இழுத்தது. பின்னாளில் படகோட்டியின் குடும்பம் முழுவதும் பின்புறத்துச் சிற்றறை ஒன்றிலேயே சமைத்து, உண்டு, உறங்கியது. ஓரிடத்தும் நிலையாகத் தங்காத அக்குடும்பத்துச் சிறுவர் பலர் எழுத்தறியாது வளர்ந்தனர். ஜார்ஜ் ஸ்மித் என்பாரின் இடையறாத முயற்சியால் 1877-இல் படகுகளைப் பதிவு செய்யவும், அதிலுறையும் மக்களின் நலத்தைப் பேணவும் சட்டம் பிறந்தது. இன்றோ படகுகளில் எண்ணெய்ப் பொறி இயங்குகின்றது. ஆயினும் மணிக்கு நான்கு மைலுக்கு மேற் செல்லலாகாது. கரையில் நாயுடன் உலாவுவோர் எங்களைக் கடந்து சென்றனர்.

பர்மிங்காமில் காஸ் தெருத் துறையிலிருந்து புறப்பட்டோம். அங்கே கால்வாயின் குறுக்கே நிற்கும் கற்சுவர் ஒன்று எங்கள் கருத்தைக் கவர்ந்தது. ஊஸ்டர் கால்வாயை வெட்டிய கூட்டத்தார் தம் கால்வாயைப் பர்மிங்காம் கால்வாயோடு இணைக்க விரும்பினர். முன்னிருந்த கூட்டத்தாரோ, தம் நீரும் வணிகமும் குறையும் என்று அஞ்சி இசையாராயினர். ஆதலின் இரு நீர்களுக்கும் இடையே ஏழடித் தடை நின்றது. ஒரு பக்கத்துப் படகிலிருந்த சரக்கை ஆட்கள் தூக்கி மறுபக்கத்துப் படகில் வைத்தனர். ஏறத்தாழ இருபதாண்டுகள் இவ்வீண் உழைப்பு நடந்தது. 1815-இலேதான் தடையின் நடுவே வழி திறக்கப்பெற்றது. இதனைக் கேட்டு இருவேமும் நகைத்தோம். அந்நகைப்பு எங்கள்மேலேயே திரும்பும் என்று அப்போது அறிந்திலோம்.

நகரத்துத் தொழிற்சாலைகளின் பின்புறங்களையும், போர்ன்வில்லில் காட்பரிச் சாக்கொலேட்டு ஆலையின் அருகையும் கடந்து சென்றோம். அதன்பின் வாஸ்ட் ஹில்ஸ் சுரங்கம் 2,726 கெஜம். உள்ளே நடைபாதை இல்லை. முற்காலத்திற் குதிரையைக் குன்றின் மேலாக நடத்திச் செல்வராம். கூரையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, எதிர்முனை ஒளி ஓர் ஊசிக்கண்போலத் தோன்ற, ஒருவர்க்கொருவர் துணையாகப் பழைய விடுதிக் கதைகளைப் பேசிக்கொண்டே சென்றோம்.

டார்டெபிக் என்னும் ஊரிற் பூட்டுகளுக்கு மேலே படகைக் கட்டினோம். எல். டி. சி. ரோல்ட் என்பவர் போர்க்காலத்தில் தம் 'கிரஸ்ஸி' என்னும் படகிற் குடியிருந்தது இவ்விடத்தேதான். 1944-இல் வெளிவந்த அவரது நூலைப் படித்த இராபர்ட் ஐக்மன் என்பார் 1945-இல் இங்கு வந்து அவரைக் கண்டார். அச்சந்திப்பின் பயனாக 1946-இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றிற்று. அழிய இருந்த கால்வாய்கள் பல அச்சங்கத்தின் உழைப்பாற் பிழைத்தன. ஆயினும் நண்பர் இருவரும் கருத்து வேறுபட்டு 1951-இற் பிரிந்தனர்.

அவர்கள் பிரிவைப் பேசத் தொடங்கிய பேச்சு எங்கள் பழங்கணக்கிற் போய் முடிந்தது. எங்களுள் ஒருவருடைய தந்தையார் இறந்தபோது மற்றவர் ஒரு வரி மடலும் எழுதவில்லை. பதினோராண்டு மனத்தகத்தே கிடந்த அக்குறை அன்றிரவு வெளிப்பட்டது. மற்றவர் மறுமொழி கூறாது விளக்கை அவித்தார். மறுநாட் காலையில் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்று அழைத்துக்கொண்டோம். 'டா' போட்டு அழைத்துப் பழகிய வாய்க்கு அஃது எத்துணைக் கொடிது என்பதை விடுதியில் வாழ்ந்தோர் அறிவர்.

டார்டெபிக்கில் முப்பது பூட்டுகள் அடுத்தடுத்து அமைந்து, படகை ஏறத்தாழ 220 அடி கீழே இறக்குகின்றன. நீர் நிறைந்த பூட்டினுள் படகைச் செலுத்தி, மேற்கதவைச் சாத்தி, கீழ்மதகைத் திறந்தால் நீர் வடியும்; படகும் உடன் இறங்கும். மேற்கதவின் அடியிலே கல்லாலாய படி ஒன்று நீருள் மறைந்திருக்கின்றது. அது முடியுமிடத்தைக் கரையில் வெள்ளைக்கோடு காட்டும். படகின் பின்புறம் அக்கோட்டிற்கு முன்னே நிற்றல் வேண்டும்.

பதினேழாம் பூட்டில் ஒருவர் சுக்கான் கோலைப் பிடித்திருந்தார். மற்றவர் கரைமேல் நின்று மதகைத் திறந்தார். படகு கோட்டிற்குப் பின்னே ஒதுங்கியிருந்ததைக் கரையில் நின்றவர் கண்டார், 'அவர் அறியாததா?' என்று வாளாவிருந்தார். சுக்கான் பிடித்தவரோ, 'ஏதம் இருப்பின் அவர் சொல்வார்' என்று வாளாவிருந்தார். நீர் வடிந்தது. படகின் பின்புறம் கற்படியின்மேல் தங்கியது; முன்புறம் மட்டும் தாழ்ந்துகொண்டே சென்றது. அறையினுள் பீங்கான் கலங்கள் சரிந்து உடையும் ஓசை கேட்டது. இன்னுஞ் சிறிது பொழுது கழிந்திருப்பின் முன்புறத்து வழியாக நீர் புகுந்து படகு அமிழ்ந்திருக்கும்.

"மூடுடா! மூடு!" என்ற கூக்குரல் எழுந்தது. கரையில் நின்றவர் கீழ்மதகை விரைந்து அடைத்தார். ஓடிச்சென்று மேல்மதகைத் திறந்தார். நீர் மெல்ல ஏறியது. படகு படியை விட்டு எழுந்து சமமாக நின்றது. சுக்கான் பிடித்தவர் யாவர், கரையில் நின்றவர் யாவர் என்பதை ஈண்டு எழுதாது விடுகின்றோம், பிழை இருவருடையதே.

அச்சம் தணிந்தபின் கரைப்புல்லில் அமர்ந்தோம். "நான்கு முறை எழுதத் தொடங்கினேன், உன் தந்தைக்கு ஏற்ற சொல் அகப்படவில்லை. நான்கையும் கிழித்துவிட்டேன்," என்றார் ஒருவர். "கிழித்ததையே அனுப்பியிருக்கலாமே, பாவி!" என்றார் மற்றவர். இருவர் கண்ணிலும் நீர். எஞ்சிய பதின்மூன்று பூட்டுகளையும், "கோடு பார்த்தாயா?" "பார்த்தேன்!" என்று உரக்கச் சொல்லியே கடந்தோம். எதிரே வந்த படகினர் எங்களைச் செவிடர் என்று எண்ணியிருத்தல் கூடும்.

மூன்றாம் நாள் ஊஸ்டர் நகரத்து டிக்லிஸ் துறையில், அகன்ற பூட்டுகள் இரண்டின் வழியாகச் செவர்ன் ஆற்றில் இறங்கினோம். ஏழடிக் கரைகளுக்குள் ஒடுங்கி வந்த படகு அகன்ற ஆற்றின்மேல் மிதந்தபோது, எங்கள் நெஞ்சமும் அவ்வாறே இருந்தது.

மாணவ நண்பர்காள்! நுங்கள் அறைத்தோழர் ஒருவர்க்கு எழுதவேண்டிய மடல் ஏதேனும் இருப்பின், நல்ல சொல் வரட்டும் என்று காத்திராதீர். இம்மலரை மூடிவைத்து, அகப்பட்ட சொல்லைக் கொண்டு இன்றே எழுதுவீராக.